விமலா வீட்டுக்கு நான் கொண்டுபோன ஆட்டுக்கறி

விமலாவிடம் ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. இரண்டு முறை புதுப்பித்திருக்கிறாள். அதில் ஒரு முத்திரைகூடக் கிடையாது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவள் வீடும் எங்கள் வீடும் ஒரே லயத்தில், ஒரே கூரை வரிசையில் இருந்தன. ஷர்மினி வீடு எதிர் லயம். தோட்டம் கைமாறி, ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்தபோது மூன்று குடும்பங்களும் மூன்று பக்கம் பிரிந்தோம். விமலா பதினெட்டு வயதில் ஈப்போவில் ஒரு பல் மருத்துவரிடம் கருவிகள் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது முப்பத்தொன்று. அவளைக் கேட்காமல் அந்த டாக்டர் லீவுகூட எடுப்பதில்லை. மனநல மருத்துவமனைக்குப் பேர்போன தஞ்சோங் ரம்புத்தானில் சொந்தமாக வீடு வாங்கி அம்மாவுடன் இருக்கிறாள். "எந்த வார்டுலா?" என்று கிண்டல் செய்பவர்களிடம், "ஒனக்குப் பக்கத்துக் கட்டில்தான்" என்பாள்.

நான் ஆறு வருடம் வெளியே சுற்றினேன். ஆஸ்திரேலியாவில் திராட்சை பறித்தேன். ஜார்ஜியாவில் ஒரு விடுதியில் படுக்கை விரித்தேன். போர்ச்சுகல் கடற்கரையில் தட்டுக் கழுவினேன். திரும்பி வந்தபோது ஷர்மினிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மணமேடையில் அவள் பக்கத்தில் தோழியாக நிற்பேன் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ஆறாம் வகுப்பிலேயே எனக்கு வாக்குக் கொடுத்தவள் அவள். ஆனால் நான் வருவேனோ மாட்டேனோ என்று விமலாவையும் கேட்டு வைத்திருந்தாள்.

"ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான் சுபா," என்றாள் போனில். "சனிக்கிழமை விமலா வீட்டுச் சாப்பாட்டுல நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை புடவை எடுக்கணும்."

தீபாவளி விடுமுறைக்கு எல்லோரும் ஊர் வந்திருந்தார்கள். வரிசைத் தட்டுத் தூக்குகிறவர்கள், மாப்பிள்ளைத் தோழன் என்று பதினைந்து பேருக்கு விமலா வீட்டில் விருந்து. ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டிருந்தாள். ஒருத்திக்கு மீகூன் என்கிற அரிசிச் சேமியா, ஒருத்திக்குப் பாயசம். என் பெயருக்கு நேரே, "ஐஸ், பேப்பர் தட்டு." கடைசி நேரத்தில் வராமல் போனாலும் பாதகமில்லாத ஆளுக்குக் கொடுப்பது அது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை.

மூன்று கிலோ ஆட்டுக்கறி வாங்கி, மிளகு தூக்கலாகப் பிரட்டல் செய்தேன். பெரிய சட்டியோடு போய் இறங்கினேன்.

வாசல் நிறையச் செருப்புகள். கார் நிற்கும் இடத்தில் நீள மேசை போட்டு, பக்கத்து வீட்டு நாற்காலிகளை வரிசையாக வைத்திருந்தாள். ஷர்மினி யாரையும் கேட்காமல் குளிர்ப்பெட்டியைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு வயிறு எரிந்தது. அப்படி உரிமையோடு ஒருத்தர் வந்து திறக்க உலகத்தில் எனக்கென்று ஒரு குளிர்ப்பெட்டிகூட இல்லை.

சட்டியை மேசையில் வைத்தேன். மாப்பிள்ளைத் தோழன் கோகிலன் மூடியைத் திறந்தான்.

"அலாமா! சோயாவா அக்கா? அசல் மட்டன் மாதிரியே இருக்கு!"

அப்போதுதான் மேசையைச் சரியாகப் பார்த்தேன். கூட்டு, சாம்பார், தொஃபு சம்பல், நடுவில் சோயாவில் செய்த சைவ மீன் ஒன்று. தீபாவளி முடிந்து ஐந்தாம் நாள். கந்த சஷ்டி விரதம் நடந்துகொண்டிருக்கிறது. இங்கிருக்கும் எல்லோரும் விரதம். மணப்பெண்ணும்தான். ஆறு வருடத்தில் அது என் நினைவிலிருந்தே போயிருந்தது.

சோயாதான் என்று சொன்னால் போதும், தப்பிவிடலாம். என் தலை பாதி ஆடியும்விட்டது. கோகிலன் கரண்டியைச் சட்டிக்குள் விட்டான்.

விமலா வந்து கரண்டியை அவன் கையிலிருந்து வாங்கினாள். "இன்னும் சரியா வேகல தம்பி. நீ மீகூன் போட்டுக்க." சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வெளியே துணி துவைக்கும் மெஷின்மேல் சட்டியை வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"நல்ல வேளை, காப்பாத்துன," என்றேன்.

"ஒன்ன எவ காப்பாத்துனா? உண்மையச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. அப்பறம் ராத்திரி பூரா சுபா கதைதான். ஒன்னத்தான் சுத்தி உக்காருவாங்க. அதான் சொல்லல."

"ஐஸையும் வேணும்னுதான் போட்டியா?"

"ஆமா. அதையாவது கொண்டாந்தியா?"

கொண்டுவரவில்லை. குழாயை மூடினேன்.

"ஒன் ஸ்டேட்டஸ மியூட் பண்ணி ரெண்டு வருசமாச்சு," என்றாள். "பல்லு புடுங்குன ரத்தத்தக் கழுவிக்கிட்டே நீ நிக்கிற கடலப் பாக்கணுமாலா?"

"நான் இங்க வாசல்ல கெடக்குற செருப்பப் பாத்து எரியறேன்."

"எடுத்துக்க, சைஸ் பாத்து." சிரிக்கவில்லை. "தோழியா நிக்கிறதையும் நீயே எடுத்துக்கிட்டா எனக்கு என்னா இருக்கு? கல்யாணம் முடிஞ்சதும் நீ பறந்துருவ. ஆல்பத்தப் பாக்குறவங்க எல்லாம், 'யாரு இது, இப்ப எங்க இருக்கு'ன்னு கேப்பாங்க. போக மாட்டேன்னு சொல்லு, விட்டுத் தாரேன்."

போக மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜனவரி மாத டிக்கெட் விலையை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன்.

முன்பக்கம் வந்தோம். "பேசியாச்சா?" என்றாள் ஷர்மினி. விமலா என்னைப் பார்த்தாள்.

"விமலாதான்," என்றேன்.

ஷர்மினி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள், விமலாவை. நல்ல காரியம் செய்தால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. அந்தக் கை என் தோளில் விழுந்திருக்க வேண்டும் என்றே தோன்றியது.

விமலா வரிசைத் தட்டுப் பட்டியலை எடுத்தாள். "சுபா, ஒனக்கு ஒன்பதாம் தட்டு. ஆப்பிள்."

"மொதத் தட்டு."

"மொதத் தட்டு வெத்தல பாக்கு. கல்யாணம் ஆனவங்கதான் தூக்கணும்."

"அப்ப ரெண்டாவது."

பேனாவைக் கடித்துக்கொண்டு நிறைய நேரம் யோசித்தாள். "மூணாவது. பூத்தட்டு. அன்னைக்கு வரலன்னா வேற ஆளப் போட்டுருவேன்."

"வருவேன்," என்றேன். அவள் பென்சிலைத் தேடி எடுத்து, என் பெயரை மட்டும் பென்சிலால் எழுதினாள்.