நான்கு குரல்களும் என் அண்ணனுடையவை

அண்ணனுக்கு நீச்சலும் தெரியாது, மோட்டார் சைக்கிளும் ஓட்டத் தெரியாது. நாசரேத்து ஆலயத்தில் பாடிப் பழகியவன். தூத்துக்குடித் துறைமுகத்தில் குமாஸ்தா. இசைத்தட்டுக் கடை அண்ணாச்சி அவனை மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார். படகையும் பைக்கையும் பற்றிய பாட்டுகளை அவன் ஒருவனையே நான்கு குரலில் பாடவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து தட்டாக்கினார். தட்டின் அட்டையில் மட்டும் பைக் மேல் சாய்ந்த நான்கு பையன்கள். ஒருவனுக்கும் சுதி சேராது. குழுவுக்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் வேறு.

எழுபதுகளில் ஒரு வருடம் முழுக்க எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அந்தத் தட்டுதான். கச்சேரிக்கும் கூப்பிட்டார்கள். பையன்கள் முன்னால் நின்று வாயசைக்க, அண்ணன் திரைக்குப் பின்னால் வியர்த்து வழியப் பாடினான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனோ, "ஏளா, ஒரு தடவ முன்னால நின்னு பாடிட்டாப் போதும்" என்பான்.

மீனவர் ஊரான பெரியதாழையில், கத்தோலிக்கக் கோயில் திருவிழாவில் அவன் முன்னால் நின்று பாட அண்ணாச்சி சம்மதித்தார். அண்ணன் புதுச்சட்டை போட்டு மேடையேறி, அதிகம் ஓடிய பாட்டையே எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை விடியலில் படகேறிக் கடலுக்குப் போகிற கும்மாளப் பாட்டு. எழுதியவரும் எங்களைப் போல் கடல்தொழில் தெரியாதவர். இரண்டாவது வரியிலேயே கூட்டம் அடங்கிவிட்டது. முன்னால் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழம நாங்க தொழிலுக்குப் போறதில்ல. பூசைக்குத்தான் போவோம். போன வருசம் ஒருத்தன் சொல்லச் சொல்லக் கேக்காமப் போனான். திரும்பல. அவன் பொண்டாட்டி இந்தா இருக்கா."

அவர் கோபப்படவில்லை; கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. அண்ணன் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கைகூப்பினான். "தெரியாதும்மா" என்றான். பாட்டை அதோடு நிறுத்தி, மைக்கை விட்டு ஓரடி தள்ளி நின்றான். அண்ணாச்சி பதறிப்போய் இசைத்தட்டைச் சுழலவிட்டு, பையன்களை முன்னால் தள்ளினார். பாடியவன் வாயை மூடி நிற்க, அவன் குரலுக்குப் பையன்கள் வாயசைத்ததைப் பார்த்து ஊரே சிரித்தது.

வடக்கே தருவைகுளம் வரை கடற்கரை ஊர்களுக்கெல்லாம் சேதி போய்விட்டது. பிறகு ஒருவரும் கச்சேரிக்குக் கூப்பிடவில்லை. அண்ணாச்சி வேறு ஆளை வைத்துப் போட்ட தட்டு கடையிலேயே தூசி பிடித்தது. அண்ணன் ஆலயத்திலும் பாடுவதை விட்டான். அதுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை.

சில வருடம் கழித்து, சித்தி மகள் கல்யாணத்தில் ஒலிபெருக்கிக்காரன் அந்தப் பழைய தட்டைப் போட்டான். சாம்பார் வாளியோடு பந்தியில் நின்ற அண்ணனிடம் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார்: "நல்ல கொரலா இருக்கே தம்பி, யாரு பாடுதது?"

அண்ணன் குனிந்து அவர் இலையில் ஊற்றினான்.

"யாரோ மெட்ராஸ்காரராம், ஐயா."