யாருக்கு நிஜ மாத்திரை

அத்தை அந்த மாத்திரையை உடனே விழுங்கிவிடவில்லை. சன்னலோரம் கொண்டுபோய், இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, காலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அப்பாவிடம் கை நீட்டி அவருடைய மாத்திரையையும் வாங்கிக்கொண்டார். உள்ளங்கைக்கு ஒன்றாக வைத்து எடை பார்த்தார், முகர்ந்தார், நாக்கு நுனியில் தொட்டும் பார்த்தார். ஒரே நீலம், ஒரே வடிவம், ஒரே கசப்பு. "ஏனுங்கண்ணா, இதுல ஒண்ணு வெறும் மாவா இருக்கோணும். எதுன்னுதான் தெரியலீங்க" என்றார். அப்பா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். "என்ற மாத்திரையை இப்படிக் குடுத்துப்போட்டு உன்றதை முழுங்கு அம்மணி. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சிரித்தார்.

சந்தேகப்படுவதுதான் அத்தையின் பிழைப்பே. பீளமேட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லில், நூலில் குறை கண்டுபிடிக்கும் பிரிவில் அவருக்கு வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் மூடாது. காந்திபுரத்தில் துணிக்கடைக்காரர் சாயம் போகாது என்று சத்தியம் செய்தால், அந்தச் சத்தியத்துக்காகவே துணியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். பால்காரர் ஒருநாள் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால், "இன்னிக்கு என்ன இவ்வளவு பாசம்?" என்று அந்த மனிதரையே திகைக்க வைப்பார். மாமா சாலை விபத்தில் போன பிறகு, பள்ளிக்கூடம் போகும் மகளோடு எங்கள் வீட்டை ஒட்டிய சின்ன வீட்டில் குடியிருந்தார். ஒற்றைப் பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக நிற்பவருக்குச் சந்தேகம்தான் தாழ்ப்பாள் என்று இப்போது புரிகிறது. அன்று எங்களுக்கு அது கேலிக்குரிய விஷயமாகத்தான் இருந்தது.

அப்பாவுக்கும் அத்தைக்கும் ஒரே நோய். அவர்களுடைய அம்மா எதனால் இறந்தார் என்பதே பல வருடம் கழித்து, இந்த இரண்டு பேருக்கும் ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது. இரண்டு சிறுநீரகங்களிலும் திராட்சைக் கொத்துபோல நீர்க்கட்டிகள். டாக்டரம்மா படத்தைக் காட்டி விளக்கினார். பிறக்கும்போதே ஒரு மரபணுவில் பிழை இருக்கிறது. அதனால் சிறுநீரகச் செல்களுக்கு 'வளர், வளர்' என்று ஓயாமல் கட்டளை போகிறது. "தொட்டி ரொம்பினாலும் மோட்டார் நிக்க மாட்டேங்குதுன்னு வெச்சுக்கோங்க. ஸ்விட்ச் ஒட்டிக்கிச்சு" என்றார். உடம்பில் தண்ணீரைச் சேமித்து வைக்கச் சொல்லும் ஒரு ஹார்மோன் மூளையிலிருந்து வருகிறதாம். அதுவும் அந்த மோட்டாருக்கு வேகம் கூட்டுகிறது. அது வந்து உட்காரும் இடத்தை அடைத்துவிட்டால் கட்டிகள் மெதுவாகத்தான் வளரும் என்று நினைத்து, ஒரு புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவைவிட இளையவர் என்றாலும் அத்தையின் சிறுநீரகம்தான் வேகமாகக் கெட்டுக்கொண்டிருந்தது. மகள் படித்து முடிக்கும்வரை தாங்குமா என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. டாக்டரம்மா அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

அந்தச் சோதனையில் இருவரும் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு ஒன்றுமில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. இதைக் கேட்டதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "டாக்டருக்கே தெரியாதுன்னா பின்ன ஆருக்குத்தானுங்க தெரியும்?" டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். தெரிந்தால் மனசு ஏமாற்றிவிடும். மருந்து கிடைத்தவருக்கு நல்லாகிவிட்ட மாதிரி தோன்றும், கொடுத்தவருக்கும் அப்படியே தோன்றும். அத்தை வெளியே வந்ததும் என் காதைக் கடித்தார். "நம்மளை மட்டுமில்ல கண்ணு, அவிங்க அவிங்களையே நம்ப மாட்டேங்கறாங்க. இந்த ஒரு விஷயத்துல இவிங்க நல்லவிங்கதான்." அப்போது நான் உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் எந்த வாத்தியாரும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அத்தை மகள் தெரியாமல் எடுத்து விழுங்கிவிடுவாளோ என்ற பயத்தில், இரண்டு டப்பாக்களும் எங்கள் வீட்டிலேயே இருந்தன. மேலே அவரவர் பெயர் ஒட்டியிருக்கும். அப்பாதான் காலையில் இரண்டையும் திறந்து, அத்தைக்கு உரியதை அவர் கையில் கொடுத்துவிட்டு, தன்னுடையதைத் தான் போட்டுக்கொள்வார்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. அப்பா கோபிசெட்டிபாளையம் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே அவருக்கு அடங்காத தாகம். சொம்பு சொம்பாகக் குடித்தார், குடித்ததெல்லாம் அப்படியே போனது. உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை என்றால் வேறென்ன ஆகும்? அவினாசி தாண்டி ஒரு தடவை, நம்பியூருக்கு முன்னால் ஒரு தடவை என்று பஸ் திடீர் திடீரென்று ஓரம் கட்டியது. டிரைவர் இறங்கி வேலிக்குப் பின்னால் ஓடுவார். "அட கெரகமே, பஸ்ஸுக்கு ரிப்பேரா, டிரைவருக்கு ரிப்பேரா?" என்று யாரோ கத்த, பஸ்ஸே சிரித்ததாம். நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டு எச்சரித்தார். அப்பா வீட்டில் வந்து அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னார். சொல்லும்போது அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார்.

அத்தைக்கு ஒன்றுமே ஆகவில்லை. வழக்கம்போலத் தண்ணீர் குடித்தார், வழக்கம்போல வேலைக்குப் போனார். அண்ணன் பாத்ரூமுக்கு ஓடுவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு விஷயம் புரிய எத்தனை நேரமாகும்? "எனக்கு மாவைக் குடுத்துப்போட்டாங்க" என்றார் ஒரு காலையில். கோபமாகச் சொன்னால்கூடச் சமாளித்திருக்கலாம். ரொம்ப அமைதியாகச் சொன்னார். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவின் மேசையில் கையூன்றி நின்று கேட்டார்: "நான் செத்துப்போனா அது உங்களுக்கு ஒரு கணக்கு, இல்லீங்களா?" டாக்டரம்மாவின் முகம் சுண்டிப்போனது. பாவம், அவருக்கு நிஜமாகவே தெரியாது. அப்பா அத்தையின் தோளைத் தொட்டு வெளியே கூட்டிவந்தார்.

அதற்குக் கொஞ்ச நாளிலேயே எல்லாம் தலைகீழானது. அப்பாவின் பஸ் வழியில் நிற்பது நின்றுபோனது. "ஒடம்பு பழகிருச்சு" என்றார். அத்தை தோளில் பெரிய தண்ணீர் பாட்டிலோடு அலைய ஆரம்பித்தார். மில்லில் அடிக்கடி எழுந்து போகிறார் என்று மேஸ்திரி முணுமுணுத்தாராம். அத்தை அதைச் சொன்னபோது முகத்தில் வெற்றிக்களை. "நான் போட்ட சத்தத்துல பயந்துபோய் மாத்திக் குடுத்துட்டாங்க, பாத்தியா? கேக்காம இருந்திருந்தா மாவையே தின்னுட்டுக் கெடந்திருப்பேன்" என்று என்னிடம் பெருமை அடித்துக்கொண்டார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆமா ஆமா, உனக்குப் பயப்படாதவங்க ஆரு?" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். சோதனைக்கு நடுவில் யாரும் எதையும் மாற்றிக் கொடுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்து வியாதி அன்றைக்கு என்னையும் தொற்றிக்கொண்டது. நான் சொல்வது சந்தேகத்தை.

சோதனை முடிந்ததும் டாக்டரம்மா எங்களை அழைத்து, யாருக்கு எது என்று சொன்னார். நிஜ மருந்து அப்பாவுக்கு. மாவு அத்தைக்கு. சொல்லிவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா உங்க ரெண்டு பேர் விஷயம்தான் எனக்குப் புரியலைங்க. மருந்து சாப்பிட்டவருக்குக் கட்டி வேகமா வளர்ந்திருக்கு. சாப்பிடாதவங்களுக்கு நல்லா கட்டுப்பட்டிருக்கு. சில பேருக்கு இப்படியும் ஆகும்போல." அப்பா சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அத்தையின் வாயைத்தான் பார்த்தேன். இப்போது வெடிக்கும், டாக்டரம்மா தொலைந்தார் என்று காத்திருந்தேன். அத்தை ஒன்றுமே கேட்கவில்லை. "செரிங்க டாக்டரம்மா, வாரோமுங்க" என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார். என் வாழ்நாளில் அவர் கேள்வி கேட்காமல் எழுந்துவந்த ஒரே இடம் அதுதான்.

அன்று சாயங்காலமே அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். நேராகவே கேட்டேன், மாற்றிக் கொடுத்தீர்களா என்று. மறைக்கவில்லை. வண்டியைத் துடைத்துக்கொண்டே, "பஸ் ஓட்டறவனுக்கு அந்த மாத்திரை ஆகுமா கண்ணு? வேலையே போயிருக்குமல்ல? மில்லுல பாத்ரூம் பக்கத்துலயே இருக்குது. அதான் அம்மணிக்குத் தள்ளிவிட்டுட்டேன்" என்றார். இவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்புறம் யோசித்தேன். பஸ்தான் காரணம் என்றால் மாத்திரையைச் சாக்கடையில் போட்டிருக்கலாம். சோதனையே வேண்டாம் என்று விலகியிருக்கலாம், யாரும் பிடித்து வைக்கப்போவதில்லை. எதற்காகத் தினமும் காலையில் எழுந்து, ஒரு டப்பாவிலிருந்து எடுத்து இன்னொருத்தர் கையில் வைக்க வேண்டும்? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தங்கச்சிக்குச் சீர் கொண்டுபோகும்போதும் அவர் இப்படித்தான். "கடையில ஒண்ணு வாங்கினா ஒண்ணு இனாம்னான்" என்று ஏதாவது பொய் சொல்லித்தான் புடவையை நீட்டுவார். இருந்தாலும் எனக்கு நிச்சயமில்லை. உண்மையிலேயே பஸ்ஸுக்காகவும் இருக்கலாம். ஒருவேளை அவருக்கே எது முதல் காரணம் என்று தெரியாமல் இருக்கலாம்.

டாக்டரம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த இருவரையும் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி எழுதுகிறேன் என்றார். நல்லது. ஆனால் எத்தனை ஊரில் எத்தனை அண்ணன்களோ! அந்த மாத்திரை இப்போது கடைக்கு வந்துவிட்டது. அதை நானும் சாப்பிடுகிறேன், ஏனென்றால் என் ஸ்கேனிலும் அதே திராட்சைக் கொத்து வந்துவிட்டது. தொண்டை வறளும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், இது வேலை செய்கிறது என்று சொன்ன ஆராய்ச்சியில் யார் யார் கைமாற்றி விழுங்கினார்களோ என்று. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு முறை சோதிக்காமல் எந்த முடிவிலும் கையெழுத்துப் போடமாட்டேன். கூட இருப்பவர்கள் என்னைச் சந்தேகப் பிராணி என்கிறார்கள். என் அத்தையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

அப்பாவின் சிறுநீரகங்கள் நின்றுபோய்விட்டன. வாரம் தவறாமல் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட இப்போது அளவு உண்டு. அத்தைக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மகள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். அப்பாவின் டயாலிசிஸ் நாளில் லீவு போட்டுவிட்டு அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். அண்ணன் எதிரில் தண்ணீர் குடிக்கமாட்டார். தாகம் எடுத்தால் எழுந்து வராந்தாவுக்கு வந்துதான் குடிப்பார். போன மாதம் அப்படி வந்தபோது நானும் கூட வந்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, கேட்காமலே ஆரம்பித்தார்.

"மொதல் நாளு தொண்டை வறண்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு கண்ணு. ஆஸ்பத்திரிக்காரன் மாத்திக் குடுத்தான்னு ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரிஞ்சேன். எனக்கா தெரியாது? வேண்டாமுங்கண்ணான்னு சொல்லியிருக்கோணும். சொல்லலை. புள்ளை படிச்சிட்டிருந்தா. எனக்கு உசிரு வேணும்னு இருந்துச்சு."

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அப்பா கண்ணயர்ந்திருந்தார். குழாயில் அவருடைய ரத்தம் வெளியே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"ஏன் அத்தை அப்பாகிட்டக் கேக்கலை?" என்றேன் கடைசியில்.

"கேட்டா என்ன சொல்லுவாருன்னு தெரியாதா? பஸ் ஓட்ட முடியலை, அதான் குடுத்தேம்பாரு. பல்லைக் காட்டிட்டே சொல்லுவாரு." அத்தையின் குரல் உடைந்தது. "ஒருவேளை அது நெசமாவும் இருந்துட்டா? ஆரு சொன்னதையும் நான் நம்புனதில்லை. எனக்காகத்தான் குடுத்தாருங்கற இது ஒண்ணை நானா நம்பிட்டிருக்கேன். கேட்டுத் தொலைச்சுட்டா அப்புறம் என்ற கையில என்ன இருக்குது?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டவர், சட்டென்று என் பக்கம் திரும்பினார். நூலில் குறை தேடும் அதே கண்.

"நீ கேட்டியா, உங்கப்பங்கிட்ட?"

"இல்லீங்கத்தை" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். நான் பொய் சொன்னால் சின்ன வயதிலிருந்தே அவர் ஒரு நொடியில் பிடித்துவிடுவார். பார்வையை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்தார்.

"செரி கண்ணு. கேக்காதே" என்று சொல்லிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணனிடம் போனார்.