நஞ்சுக்கொடியில் பாதி

1. அக்காவின் மூன்றாவது கருவும் தங்கவில்லை.
2. மதுரை டாக்டர், கணவன் மனைவி இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.
3. அக்கா ரத்தம் கொடுத்தாள். அவள் ரிப்போர்ட்டில் கோளாறு எதுவும் இல்லை.
4. அத்தான், சீசன் முடியட்டும் என்றார்.
5. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், சென்னையில் எனக்கு என்ன வேலை என்று அக்காவின் மாமியார் கேட்டார். சொன்னேன்.
6. அதன்பிறகு, அத்தான் ரத்தம் கொடுக்கத் தேவையில்லை என்று அந்த வீட்டில் முடிவாயிற்று.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அத்தானுக்கு அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனி. வீடு சிவகாசியில். கரு கலைந்தபின் அக்கா முதல்முறையாக எழுந்து சமைத்த நாள் அது. ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தாள். எங்களுக்கெல்லாம் நின்றுகொண்டே பரிமாறினாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவள் கண்ணாலேயே என்னை அடக்கினாள்.

“மெட்ராசுல என்னத்தா செய்யுறே? லேபுல வேலைன்னு உங்கம்மா சொன்னாக,” என்றார் அத்தை, அக்காவின் மாமியார்.

பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஐஸ் பெட்டியில் நஞ்சுக்கொடி வரும். பெற்றவளின் சம்மதத்தோடு வருவது. அதை மெல்லிய சீவலாக அறுத்து, சாயம் ஏற்றி, ஒரு குறிப்பிட்ட புரதம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. அந்தப் புரதம் ஆதியில் நம்முடையது அல்ல. கோடி ஆண்டுக் கணக்கில் முன்னால், நம் முன்னோர் குரங்காக இருந்த காலத்தில், ஒரு வைரஸ் அவர்கள் உடம்புக்குள் புகுந்தது. அதன் மரபணு முட்டையிலோ விந்திலோ தங்கி, பிள்ளைகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் இறங்கியது. இப்படி வந்த பழைய வைரஸ்களின் மிச்சம் மனித மரபணுத் தொகுப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு. பெரும்பாலும் செத்துக் கிடப்பவை. சில மட்டும் வேலை செய்கின்றன. செல்லோடு ஒட்டி உள்ளே நுழைவதற்காக அந்த வைரஸ் வைத்திருந்த புரதம், இன்று நஞ்சுக்கொடியின் செல்களை ஒன்றாக இணைத்து, இடைவெளி இல்லாத ஒரே சுவராக்குகிறது. தாயின் ரத்தத்திலிருந்து குழந்தைக்குச் சாப்பாடு போவது அந்தச் சுவர் வழியாகத்தான்.

இதைத்தான், இன்னும் எளிதாக்கிச் சொன்னேன்.

அத்தை கையை இலையிலிருந்து எடுத்தார். “வைரசா? வயித்துக்குள்ளயா?”

“நோய் இல்ல அத்தை. எல்லாருக்கும் இருக்கு. எனக்கு, உங்களுக்கு, அத்தானுக்கு. அது இல்லேன்னா அத்தானே உங்க வயித்துல நின்னுருக்க மாட்டாக.”

“கேட்டியாலே?” என்று மகனிடம் திரும்பினார். “மூணு பெத்தவ நான். என் வயித்துலயும் கிருமிங்கா உன் கொழுந்தியா.”

அத்தான் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். “அப்ப உங்க அக்காளுக்கு அந்த வைரசுலதான் கோளாறுங்கியா?”

“அப்படிச் சொல்லல அத்தான். காரணம் இன்னும் தெரியல. அதுக்குத்தான் டாக்டர் உங்க ரத்தத்தையும் கேட்டிருக்காக. நஞ்சுக்கொடி பிள்ளையோடது. பாதி அக்காகிட்டருந்து, பாதி உங்ககிட்டருந்து.”

அவர் எலும்பை இலை ஓரத்தில் வைத்தார். “எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. ஒரு லோடுல நாலு வெடிய எடுத்துப் போட்டுப் பாப்போம். நமத்துப் போச்சுன்னா லோடையே ஒதுக்கிருவோம். பிரிச்சுப் பாக்குற சோலியே கிடையாது, பிரிச்சா கை போயிரும். மருந்து வந்த இடத்துல மறுபடி வாங்க மாட்டோம். அம்புட்டுத்தான்.”

வெடிக்குள் அடைக்கும் ரசாயனப் பொடியைத்தான் அங்கே மருந்து என்பார்கள்.

“மருந்து ரெண்டு கம்பெனியிலருந்து வந்திருக்கு அத்தான்,” என்றேன். “ஒரு கம்பெனி சரக்கு நல்லாருக்குன்னு ரிப்போர்ட்டே வந்தாச்சு.”

ரசம் ஊற்ற வந்த அக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“வாய் நல்லாருக்கு,” என்றார் அத்தை. “உன் தங்கச்சிக்கு இன்னும் ரெண்டு துண்டு வையி. பேசிப் பேசிப் பசிச்சிருக்கும்.”

சமையலறையில் அக்கா பாத்திரத்தைத் தேய்த்தபடி சொன்னாள்: “கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லிருக்கலாம்லடி.”

“சொல்லிருந்தா?”

“எல்லாரும் மோரு வரைக்கும் சாப்பிட்டிருப்பாக.”

அந்த வாரத்திலேயே காரியாபட்டியில் இருக்கும் சித்தி அம்மாவுக்குப் போன் செய்தார். எங்கள் வீட்டு ரத்தத்திலேயே வைரஸ் இருக்கிறதாம். சின்னவளே லேபில் பார்த்துச் சொல்லிவிட்டாளாம். இனி மாப்பிள்ளை ரத்தம் எதற்கு என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்களாம். உண்மையா என்று கேட்டார். உன் ரத்தத்திலும் இருக்கிறது சித்தி என்று, லீவில் ஊரில் இருந்த நான் போனை வாங்கிச் சொன்னதால் எந்த நன்மையும் விளையவில்லை.

பிறகு, ஓய்வு என்று சொல்லி, அத்தான் அக்காவை ஆமத்தூரில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். எங்கள் பக்கம், பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் தானாகப் புறப்பட்டுப் போக மாட்டாள். அந்த வீட்டிலிருந்து ஆள் வந்து அழைக்க வேண்டும். அழைக்காமல் இருப்பதற்கு யாரும் சண்டை போட வேண்டியதில்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. வராமல் இருந்தால் போதும்.

அத்தான் வீட்டார் விவரம் தெரியாதவர்கள், விட்டுவிடு என்று உறவினர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. எந்த உப்பு என்ன நிறத்தில் எரியும் என்று அத்தானுக்குத் தெரியும். காற்றில் ஈரம் ஏறினால் எந்தக் கலவையைத் தொடக்கூடாது என்று தெரியும். எல்லோரிடமும் இருக்கும் ஒன்று ஒருத்தியிடம் மட்டும் குறையாக முடியாது என்பது அவருக்குப் புரியாத கணக்கல்ல. தன் ரத்தம் ஒரு குழாய்க்குள் போய், அதற்கு ஒரு முடிவு வந்துவிடும் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நான் வைரஸைப் பற்றிப் பேசியிருக்காவிட்டால், சாக்குக்கு ஜாதகம் கிடைத்திருக்கும்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தேன். அது முடிந்ததும் நானே அவருக்குப் போன் செய்தேன். மதுரைக்குப் போக வேண்டாம், சிவகாசியிலேயே எடுத்து அனுப்பலாம், ஒரே ஊசி என்றேன்.

“வசூல் முடியட்டும்,” என்றார்.

“வசூல் முடிஞ்சா அடுத்த சீசன் ஆர்டர் வந்துரும் அத்தான்.”

“தெரியுதுல்ல,” என்றார். வைத்துவிட்டார்.

அக்காவிடம் சொன்னேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மிச்சத்தையும் எடுத்துத் தோளில் போட்டாள். “மூணு தடவையும் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்டி,” என்றாள். “அவுக கூப்பிடுறாக, கூப்பிடல. அது வேற. இது எனக்குத் தெரியணும்.”

டாக்டரிடம் கேட்டேன். ஒருவர் ரத்தத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்றார். எனக்கும் தெரிந்ததுதான். வேலையில் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது சுவர் முழுவதும் ஒரே பழுப்பாகத் தெரியும். எந்தப் பாதி யாருடையது என்று அந்தச் சாயம் காட்டாது.

இப்போதைய நிலை: அக்கா ஆமத்தூரில் இருக்கிறாள். அழைக்க யாரும் வரவில்லை. சாத்தூர்ப் பக்கம் அத்தானுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று கேள்வி. அவர் இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை. கருக்கள் ஏன் தங்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது.