கொப்பியின் பின்பக்கம்

குடும்ப மருத்துவத்துக்கென்று ஒரு வருடப் படிப்பு இருக்கிறது என்று நான் சொன்னபோது அண்ணை சிரித்தார்.

"காய்ச்சல், தடிமனுக்கு மருந்து குடுக்கவும் கொழும்புக்குப் போய்ப் படிக்கவேணுமோ?"

கொழும்பில் வேலை பார்த்த அவர்தான், லீவில் உடுவிலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்த விண்ணப்பப் படிவத்தையும் வாங்கி வந்திருந்தார். வாங்கியும் தருவார், கேலியும் செய்வார். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். படிவத்தைப் பறித்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. தொண்டைமானாற்றில் ஒரு வீட்டின் முன் அறையை வாடகைக்கு எடுத்துச் சின்னதாக ஒரு டிஸ்பென்சரி நடத்திக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு ஈரலையும் இருதயத்தையும் தனித்தனியாகத்தான் சொல்லித் தந்தார்கள். இங்கே ஒருவருக்கு வருத்தம் என்றால் வீடே திரண்டு வந்து என் முன்னால் நின்றது. பிள்ளையின் இருமலுக்குப் பின்னால் அடுப்படிப் புகை இருந்தது. தாயின் தலையிடிக்குப் பின்னால், கடலுக்குப் போய் நேரத்துக்குத் திரும்பாத புருஷன் இருந்தான். இதையெல்லாம் முறையாகப் படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

படிவத்தின் தகுதிகளை விரல் வைத்து வாசித்தேன். வைத்தியப் பட்டம் இருந்தது. உள்ளகப் பயிற்சியை முடித்திருந்தேன். பதிவுச் சான்றிதழும் கையில். வயது முப்பத்தைந்துக்கு மேற்படக் கூடாது என்றிருந்தது. அடுத்த சித்திரையில் அதைத் தாண்டிவிடுவேன். ஆகவே இந்த முறை விட்டால் இனி இல்லை.

கடைசி இரண்டு நிபந்தனைகள்தான் என்னை உட்காரவைத்தன. ஒரே இடத்தில் மூன்று வருடம் தொடர்ந்து வைத்தியம் பார்த்திருக்கவேண்டும். இடையில் மூன்று மாதத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால், அந்தக் காலத்தில் நோயாளர்கள் எப்படிப் பராமரிக்கப்பட்டார்கள் என்று ஆதாரத்தோடு விளக்கவேண்டும். அதோடு, ஐந்து குடும்பங்களின் மருத்துவ விபரத்தையும் அனுப்பவேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முந்திய சண்டையில் பாதை அடைபட்டு, நாலு மாதம் நான் உடுவிலிலேயே கிடந்திருந்தேன்.

"நாலை மூண்டாக்கி எழுது. ஆர் வந்து எண்ணப்போகினம்?" என்றார் அண்ணை.

பொய் எழுத மனம் வரவில்லை. மெய் எழுதத் துணிவும் வரவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, குடும்ப விபரங்களைத் தேடப் புறப்பட்டேன்.

எங்கள் பக்கத்து டிஸ்பென்சரிகளில் யாரும் நோயாளரின் பதிவுகளை வைத்திருப்பதில்லை. வருகிறவர்கள் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று வாங்கி வருவார்கள். அதில் எழுதிக் கொடுப்போம். வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சிலர் அதில் தாள் கிழித்துச் சீனி சுற்றுவார்கள். குழம்புக்கறையோடு கொண்டுவருகிறவர்களும் உண்டு. அப்படி வந்தால் நான் சன்னதம் கொள்வேன்.

"இதுவும் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரித்தான். அப்பிடி மரியாதையா வைச்சிருக்கவேணும், விளங்கிச்சோ?" என்று எல்லாத் தாய்மாரையும் ஏசியிருக்கிறேன்.

சண்டையில் பல கொப்பிகள் எரிந்தும் தொலைந்தும் போயிருந்தன. தேடியலைந்து நாலு வீட்டில் வாங்கிவிட்டேன். ஐந்தாவது, கடற்தொழில் செய்யும் ஒருவரின் வீடு. மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு முட்டு, அதாவது ஆஸ்துமா. வீட்டுக்கே ஒரு கொப்பி. நான் போய்க் கேட்டதும் அந்தத் தாய் கையைப் பிசைந்தாள்.

"டொக்டர், அது சரஸ்வதி பூசைக்கு வைச்சாச்சு."

"எது?"

"உங்கடை கொப்பிதான். பொடியளின்ரை புத்தகங்களோடை கும்பத்துக்கு முன்னாலை வைச்சிருக்கிறன். ஏடு எடுக்கிற வரைக்கும் தொடக்கூடாது. நாளையிண்டைக்கு விஜயதசமி. எடுத்த உடனை தாறன்."

நான் தேவாலயத்துக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். ஆனாலும் நவராத்திரியில் சைவ வீடுகளில் புத்தகம் தொடமாட்டார்கள் என்பது தெரியாதவள் அல்ல. மருந்துக் கொப்பியையும் வைப்பார்கள் என்பதைத்தான் நினைத்துப் பார்க்கவில்லை. நாளையிண்டைக்குக் காலையில் அண்ணை கொழும்புக்குப் பஸ் ஏறுகிறார். அடுத்த நாள் விண்ணப்பத்தின் கடைசி நாள். தபாலை நம்ப முடியாது, அவரிடம் கொடுத்துவிட்டால்தான் போய்ச் சேரும்.

"சரஸ்வதிக்கு இருமல் மருந்தின்ரை அளவு என்னத்துக்கு?" என்று கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. "நீங்கள்தானே பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி வைச்சிருக்கச் சொன்னனீங்கள்," என்றாள். பிறகு, மெல்ல: "என்ரை மூத்தவன் உயிரோடை இருக்கிறது அந்தக் கொப்பியாலை. அதுதான் வைச்சனான்."

பூசையைக் கலைக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? விண்ணப்பத்தோடு அண்ணை புறப்படுகிற நேரத்தையும் உடுவில் வீட்டு விலாசத்தையும் மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்னையே நொந்துகொண்டேன்.

விஜயதசமியன்று விடிந்து சற்று நேரத்தில், உடுவிலில் எங்கள் படலைக் கதவடியில் சைக்கிள் மணி கேட்டது. அந்தத் தாயின் புருஷன் வியர்த்து விறுவிறுத்து நின்றார். பின் கரியரிலிருந்து அவள் இறங்கினாள். கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய கொப்பி, மட்டையில் சந்தனமும் குங்குமமும்.

"விடியப்புறம் நாலு மணிக்கே பூசையை முடிச்சிட்டம், டொக்டர். பொடியள் நித்திரை தூங்கித் தூங்கித்தான் ஏடு எடுத்தவங்கள். சென்றியிலை ஆமி மறிச்சவங்கள். கொப்பியைக் காட்ட விட்டிட்டாங்கள்."

அவர்களை இருத்தித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, விறாந்தை மேசையில் உட்கார்ந்து விபரங்களை எழுதத் தொடங்கினேன். அண்ணை நேரத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தார். பிறகு பொறுமையிழந்து கொப்பியைக் கையில் எடுத்துப் புரட்டினார். புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது உன்ரை எழுத்தில்லையே?"

கொப்பியின் பின்பக்கத்தில், பிள்ளைகள் கணக்குச் செய்து பார்க்கிற பக்கங்களில், பென்சிலால் திகதி போட்டு எழுதியிருந்தது. நான் இல்லாத அந்த நாலு மாதங்கள்.

"இன்று மூத்தவனுக்கு முட்டு. நிமிர்த்தி இருத்தினேன். டொக்டர் சொன்ன அளவில் மருந்து கொடுத்தேன். சொண்டு நீலமில்லை."

அடுத்தது: "இன்று பங்கர்க் குழிக்குள் இருந்தோம். தூசியால் முட்டு வந்தது. மருந்து பாதிதான் இருக்கிறது. சொண்டு நீலமில்லை. டொக்டர் வந்தால் காட்டவேண்டும்."

அப்படிப் பதின்மூன்று நாட்கள். உதடு நீலமானால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்று எப்போதோ நான் சொன்னதை, குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் அவள் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாள். நான் திரும்பி வந்தபிறகு கொப்பியை முன்பக்கமாகவே திறந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நாளும் பின்னால் திருப்பவில்லை.

"ஏன் எனக்குக் காட்டேல்லை?" என்று கேட்டேன்.

"பிள்ளை சுகமாயிருந்தான். உங்களுக்குச் சனம் நிறைஞ்சு கிடந்தது," என்றாள் அவள்.

வெறுமையாக விட்டிருந்த இடத்தில் நாலு மாதம் என்றே எழுதினேன். அந்தக் காலத்தில் பராமரித்தவர் என்ற இடத்தில் "தாய்" என்று எழுதி, பதின்மூன்று பதிவுகளையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைத்தேன். அண்ணை அன்று கேலி செய்யவில்லை. விண்ணப்பத்தையும் கொப்பியையும் தன் சட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பையைப் பூட்டினார்.

இரண்டு மாதத்தில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். மேசைக்கு அப்பால் இருந்த பெரிய டொக்டர், "தாய்" என்று நான் எழுதிய பக்கத்தைத்தான் முதலில் திறந்தார்.

"இந்த நாலு மாதம் உங்கள் வைத்தியம் இல்லையே?"

"இல்லை, சேர்," என்றேன். "ஆனால் அந்த வீட்டில் வைத்தியம் நடந்தது."

அவர் பதின்மூன்றையும் வாசித்து முடித்தார். தான் இல்லாமல் போனால் தன் நோயாளி ஒருவராவது இப்படி எழுதுவாரோ தெரியாது என்று தனக்குத்தானே சொன்னார். தை மாதம் வந்து சேரச் சொன்னார்.

தொண்டைமானாற்றுக்குத் திரும்பியதும் முதலில் அவள் வீட்டுக்குத்தான் போனேன். நேர்முகத்தில் திரும்பி வாங்கிய கொப்பியைக் கொடுத்து, இடம் கிடைத்துவிட்டது என்றேன்.

"அப்ப எனக்கும் பாசோ?" என்று சிரித்தாள்.

"உங்களுக்குப் பிறகுதான் எனக்கு."

சிரிப்பு மெல்லக் குறைந்தது. ஒரு வருடம் நான் இருக்கமாட்டேன் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கவேண்டும். மூத்தவன் முற்றத்தில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினாள்.

"முன்பக்கம் உங்கடை எழுத்துக்கு. பின்னாலை எனக்கெண்டு விட்டதிலை இன்னும் ரெண்டு தாள்தான் கிடக்கு, டொக்டர். ஒரு வருசத்துக்குக் காணாது."

நான் கொப்பியை வாங்கி நிமிர்த்தி, என் கடைசிக் குறிப்புக்கு அடுத்த தாளைத் திறந்து அவள் கையில் வைத்தேன்.

"இனி இதிலை, முன்பக்கத்திலை எழுதுங்கோ," என்றேன்.