அம்மாவின் புளியம்பலகை

எங்கள் ஊர் அம்மன் கோயிலில், வைகாசிச் சடங்கு நாட்களில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டப் போகும் பெண்கள் பலகையும் கத்தியும் வீட்டிலிருந்தே கொண்டுபோவார்கள். அந்த வரிசைக்குப் பொறுப்பு என் மாமி, அப்பாவின் அக்கா. ஒவ்வொரு பலகையையும் தூக்கி மணந்து பார்ப்பார். மீனோ இறைச்சியோ பட்ட மச்ச மணம் இருந்தால் பலகை வீடு திரும்பும். அதைக் கொண்டுவந்தவர் வெங்காயம் உரிக்கப் போவார். வாவி மீன் வேகாத நாளே இல்லாத எங்கள் வீட்டிலிருந்து போன அம்மா, மூன்று சடங்குகளாக வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருந்தார்.

நான் நான்காம் வகுப்பில் இருந்த வருடம், கோயிலுக்கென்றே ஒரு பலகை செய்ய அம்மா முடிவெடுத்தார். மரம் அறுத்து விற்கும் மரக்காலையில் காட்டிய முதிரை மரம் கத்தியின் வாயை மழுக்கும் என்று தள்ளினார். வேம்பு கசக்கும், மாமரம் தண்ணீர் குடிக்கும். கடைசியில் வைரம் பாய்ந்த புளியில் கணுவோ வெடிப்போ இல்லாத ஒரு துண்டைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்து, இரண்டு விரல் தடிப்பில் அறுக்கச் சொன்னார்.

பலகைக்குச் செய்ததையெல்லாம் நான் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வந்தேன். எட்டு நாள் தேங்காயெண்ணெய் பூசியது, கழுவித் துடைத்து நிழலில் நிமிர்த்தி வைத்தது, வெயிலில் படுக்கப்போட்டு நான் ஏச்சு வாங்கியது எல்லாம் அதில் உண்டு.

சடங்கன்று மாமி பலகையை மணந்தார். மறுபக்கம் திருப்பியும் மணந்தார்.

“நல்ல பலகை மச்சாள். ஒரு மணமும் இல்ல. என்னதான் செஞ்ச நீ?”

அம்மா வாய் திறக்குமுன் நான் கொப்பியோடு முன்னே போய், எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். எண்ணெய் வந்தது, நிழல் வந்தது. பிறகு செவ்வாய்க்கிழமையும் வந்தது.

“அம்மாவின் தம்பி திடீரென்று வந்த அவசரத்தில் அம்மா இந்தப் பலகையில் இறால் வெட்டினா. தேசிக்காயும் உப்பும் போட்டு மூன்று தரம் தேய்த்தோம். மணம் முற்றாகப் போய்விட்டது.”

வரிசையில் இருந்த ஒருத்தி சிரித்தாள். “என்னகா, சாட்சியையும் கையோட கூட்டி வந்திருக்கிறாய்.”

மாமி சிரிக்கவில்லை. பலகையை அம்மாவிடம் நீட்டினார். “எனக்கு மணக்கல்ல மச்சாள். ஆனா காதால கேட்டுட்டனே. இனி எப்படி வைக்கிற?”

“ஓம் மச்சாள், வைக்கேலாதுதான்,” என்றார் அம்மா. “என்ட மகள் எழுதினா உள்ளதைத்தான் எழுதுவாள்.”

பலகையைச் சீலைத் தலைப்பால் துடைத்து என்னிடம் தந்துவிட்டு, நிமிர்ந்த தலையோடு வெங்காயச் சாக்கருகே போய் அமர்ந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் அதையே திரும்பச் சொன்னார்: என்ட மகள் உள்ளதைத்தான் எழுதுவாள்.

அன்றிலிருந்து அது எங்கள் மீன் பலகை. இன்று என் சமையலறையில் இருக்கிறது. நடுவில் சற்றே பள்ளம் விழுந்திருக்கிறது. வெடிப்பு ஒன்றும் இல்லை. கொப்பியையும் வைத்திருக்கிறேன். சடங்கன்று மாலை நான் எழுதியது இரண்டே வரி:

“மாமி எல்லோர் முன்னாலும் பலகையைப் புகழ்ந்தா. கொப்பியை நான் வாசித்தது அம்மாவுக்குப் பெரிய உதவி.”