ஆறுச்சாமியின் இரண்டாவது ரிக்கார்டு

எவர் பாடினாலும் திட்டு விழுவது ரிக்கார்டு போட்டவனுக்குத்தான், ரேடியோ செட் தொழிலின் முதல் பாடம் இது. கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்று குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டிப் பிழைத்த சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளில் வடகரப்பதியில் நான் செட் வைத்திருந்தபோது எங்கள் ஊருக்கென்று ஒரு பாட்டுக்காரர் இருந்தார். பெயர் ஆறுச்சாமி. நிலக்கடலை பயிர் செய்வார், உடுக்கையடித்துக் கதை பாடுவார். சித்திரையில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு அம்மனை அழைக்க அவர் உடுக்கைதான் பேச வேண்டும். கம்பெனிக்காரர்கள் வந்து எடுத்த முதல் ரிக்கார்டில் அம்மன் கதையைப் பாடியிருந்தார், ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. இரண்டாவதில் கதையும் இல்லை, ராகமும் இல்லை. சொந்தமாகக் கட்டிய வரிகளை உடுக்கைத் தாளத்துக்கு மூச்சு விடாமல் படபடவென்று பேசித் தள்ளியிருந்தார். ஒரு பக்கம் வற்றிய கிணறு, மறுபக்கம் மாங்காய் லாரி. முதல் தடவை ஊசியை வைத்துக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதைச் சுற்றுவட்டாரம் முழுக்கக் கேட்க வைத்தே தீருவது என்று அப்போதே முடிவு கட்டினேன்.

கல்யாண வீட்டில் கிணறு

ஆர்வக்கோளாறு யாரை விட்டது! எங்கள் கோயில் தர்மகர்த்தா வீட்டுக் கல்யாணத்திலேயே புது ரிக்கார்டைப் போட்டுவிட்டேன். இளவட்டங்கள் பந்தியை விட்டு எழுந்து வந்து ஸ்பீக்கருக்கு அடியில் நின்றார்கள். பெரியவர்கள் முகம்தான் சரியில்லை. வாசலில் வரவேற்றுக்கொண்டிருந்தவர் தர்மகர்த்தாவேதான். சந்தனக் கையோடு என் மேஜைக்கு வந்து ஊசியைத் தூக்கச் சொன்னார். உடுக்கை அம்மனை அழைக்கிற வாத்தியம், அதை வைத்துக்கொண்டு லாரியையும் கிணற்றையும் பாடுகிறவனை இந்த வருஷம் நோம்பிக்குக் கூப்பிடப் போவதில்லை, பொள்ளாச்சியிலிருந்து வேறு ஆட்களுக்குச் சொல்லிவிடுவோம் என்றார். ஆறுச்சாமிக்கு நோம்பிப் பாட்டு போனால் உயிர் போன மாதிரி. நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"ஏனுங்க, தாலி கட்டற ஊட்டுல வத்திப்போன கிணத்தப் பத்திப் பேசுவாங்களா?"

பத்திரிகையில் வந்தது

எங்கள் பக்கத்துச் சித்தூர் வாத்தியார் ஒருவர் கோயமுத்தூர் வாரப் பத்திரிகை ஒன்றில் இசை விமர்சனம் எழுதுவார். இந்த ரிக்கார்டையும் பிடித்துக் கிழித்திருந்தார். இது பாட்டா, சந்தையில் மாடு விற்கிற பேச்சா என்று கேட்டிருந்தார். மாங்காய் லாரி ஏற்றத்தில் முக்குவதைச் சொல்லும் வரியை எடுத்துப் போட்டு, இதில் என்ன கவிதை இருக்கிறது என்று ஒரு குத்து வேறு.

ஆறுச்சாமி கடைக்கு வந்து என்னையே வாசிக்கச் சொன்னார். நோம்பி கைவிட்டுப் போன வருத்தத்தில் மனுஷர் இளைத்தே போயிருந்தார். இதையும் கேட்டால் உடுக்கையைக் கிணற்றில் போட்டுவிடுவாரோ என்று பயந்து, மென்று விழுங்கித்தான் வாசித்தேன். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அந்த லாரி வரி கட்டக் கடைசீலதானுங்க வருது. அப்ப மனுசன் முழுசாக் கேட்டிருக்கறாரு."

முதலமடை மாந்தோப்பில்

மாங்காய் சீசனில் முதலமடையில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர்கள் பூஜை போட்டு என் செட்டைக் கூப்பிட்டார்கள். போய் இறங்கியதும் கேட்டது லாரிப் பாட்டைத்தான். போட்டேன் பாருங்கள், அத்தனை பேருக்கும் மனப்பாடம்! கூடை கைமாறக் கைமாற எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். டிரைவர் ஹாரனில் தாளம் போடுகிறார். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தர்மகர்த்தாவை இங்கே தூக்கிக்கொண்டு வந்து நிறுத்த மாட்டோமா என்றிருந்தது.

ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்தும் அவர்களுக்கு அடங்கவில்லை. போகப் போக வேகம் ஏறி, ரிக்கார்டு ஒரு வரி சொல்வதற்குள் இவர்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். லோடுமேன்களில் மூத்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"ரிக்கார்டு பின்னாடி நின்னு போச்சுங்க. கொஞ்சம் முடுக்கி உடுங்க."

போடிமெட்டில் வேறு ஆள்

என் சகலை போடிமெட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் செட் வைத்திருந்தார். நான் கொடுத்த ரிக்கார்டு அங்கே சக்கைப்போடு போடுவதாகவும், எஸ்டேட் கோயில் திருவிழாவுக்குப் பாட்டுக்காரரையே அழைத்து வரும்படியும் சொல்லி அனுப்பினார். ஆறுச்சாமிக்குத் தரையில் கால் பாவவில்லை. மலையேறிப் போய், கொழுந்து பறிக்கிறவர்கள் தங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து திரண்டு வந்து உட்கார, உடுக்கையை எடுத்துப் பிளந்துகட்டினார். கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. கைதட்டலே இல்லை.

பிறகுதான் குட்டு உடைந்தது. வார்த்தை பிடிபடவில்லை என்று அங்கே சொன்னதால், சகலை மெஷினில் வேகத்தைக் குறைத்து வைத்தே ஓட்டியிருக்கிறார். அதில் ஆறுச்சாமியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனத்து, நிதானமாக இழுத்துப் பாடியிருக்கிறது. மலை முழுக்க அந்தக் குரலுக்குத்தான் ரசிகர்கள். மாலையைப் போட்ட கங்காணி மரியாதையாகவே சொன்னார்.

"நீங்களும் நல்லாத்தான் பாடுறீங்க. ஆனா ரிக்கார்டுல பாடுனவரையே கூட்டியாந்திருக்கலாம்ல."

நோம்பியன்று

அந்த வருஷம் உண்மையிலேயே எங்கள் ஊரில் பாதிக் கிணறு வற்றிவிட்டது. நோம்பியன்று, அம்மன் வந்திறங்கக் கோயில் முன்னால் நட்ட கம்பத்தைச் சுற்றி ஊரே கூடியிருக்கிறது, பொள்ளாச்சி ஆட்கள் வந்த பஸ் எங்கோ நின்றுவிட்டது. ஆறுச்சாமி தோளில் துண்டோடு கூட்டத்தின் கடைசியில் நிற்கிறார். தர்மகர்த்தா என்னிடம் வந்து, பழைய அம்மன் ரிக்கார்டைப் போட்டுச் சமாளிக்கச் சொன்னார். அதுவோ ஓடி ஓடித் தேய்ந்து, ஒரே வரியில் சிக்கிக்கொண்டு நின்றது. வருவது வரட்டும் என்று கிணற்றுப் பாட்டின் மேல் ஊசியை வைத்துவிட்டேன்.

தண்ணீர் எங்கே, தண்ணீர் எங்கே என்று உடுக்கை ஏறும் இடத்தில் பெண்கள் பக்கம் ஒரு அலறல். தர்மகர்த்தாவின் மனைவிக்கு அருள் வந்துவிட்டது! கற்பூரம் காட்டி, என்ன வேண்டும் தாயே என்று கேட்டார்கள். கிணற்றைப் பாடினவன் எங்கே, அவன் வந்து கூப்பிட்டால்தான் நான் கம்பத்துக்கு வருவேன் என்று பதில் வந்தது. ஆறுச்சாமியின் வீட்டுக்கு உடுக்கை எடுக்க ஆள் ஓடியது. தர்மகர்த்தா தாமே கூட்டத்துக்குள் போய் அவரைக் கைப்பிடித்து மைக் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, காதோடு காதாக ஒன்று சொன்னார். மைக்கை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. தென்னை மரத்து ஸ்பீக்கர்கள் அதை ஊருக்கே சொல்லிவிட்டன.

"கேக்கறது ஆத்தாளுங்க. நான் கேக்கறதா நெனச்சுக்காதீங்க."

ஒரு ரிக்கார்டு நல்லதா கெட்டதா என்று எழுதுகிறவரும் கேட்கிறவரும் தாராளமாகத் தீர்ப்புச் சொல்லலாம், எங்கள் ஊரில் அப்பீல் மட்டும் மாரியாத்தாளிடம்தான்.