மாப்பிள்ளை போட்டுக்கொடுத்த மூன்று சிடி

என் தங்கச்சி வீட்டுக்காரரைப் பற்றி நான் நாலு நல்ல வார்த்தை பேசுவேன் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால், போய் வேறு வேலையைப் பாருய்யா என்று விரட்டியிருப்பேன். மனுஷன் அவ்வளவு மெதுவு. சட்டைப் பொத்தானை மேலிருந்து கீழே போட்டு முடித்து, சரியாகப் போட்டிருக்கிறோமா என்று கீழிருந்து மேலே தடவிப் பார்ப்பார். நாம் டீயைக் குடித்து டம்ளரைக் கழுவி வைக்கும்போதுதான் அவர் ஆற்றவே ஆரம்பிப்பார். நானோ பஸ் டிரைவர். ஒரு நிமிஷம் பிந்தினால் டிப்போவில் ஆயிரம் கேள்வி. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே எனக்குக் கால் ஆக்ஸிலேட்டரைத் தேடும்.

அவருக்கு ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. எடுத்த படங்களை சிடியில் போட்டு நோயாளி கையில் கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவர் கொடுத்த சிடியை ஒரு அம்மா ஆறு மணி நேரம் ரயிலில் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிடம் நீட்டியிருக்கிறார். திறக்கவே இல்லையாம். அன்றிலிருந்து, எந்த சிடியானாலும் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு முதலிலிருந்து கடைசிவரை பார்த்த பிறகுதான் கையை விட்டுப் போகும். வரிசையில் நிற்பவர்கள் கன்னாபின்னாவென்று திட்டுவார்கள். இவர் காதிலேயே வாங்கமாட்டார்.

அப்படியிருக்க, எனக்கு ஒரு கண்டம் வந்தது. நிறுத்தத்தில் நின்றிருந்த என் பஸ்ஸின் பின்னால் ஒருவர் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து மோதிவிட்டு, பஸ்தான் பின்னால் வந்து தன்னை இடித்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து விசாரணை போட்டார்கள். நல்லவேளை, முன் கண்ணாடியில் நானே ஒரு சின்ன கேமரா மாட்டியிருந்தேன். அதில் அன்றைய இருபது நிமிஷம் அப்படியே இருந்தது. ஆனால் விசாரணை அதிகாரி, பென்டிரைவ் செல்லாது, சிடியில்தான் வேண்டும் என்றார். அவருக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, எனக்கு ஒன்று. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள். கொண்டுவராவிட்டால் இருபத்திரண்டு வருஷ வேலை போச்சு.

இந்தக் காலத்தில் சிடி எங்கே கிடைக்கிறது? ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கச்சி வீட்டுக்கு ஓடினேன். மாப்பிள்ளை அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே ஐந்து புது சிடி. கம்ப்யூட்டரில் இருந்த டிரைவ் எப்போதோ செத்துவிட்டதால், வெளியிலிருந்து மாட்டுகிற ஒரு சிடி ரைட்டர் வைத்திருந்தார். தட்டையான கறுப்புப் பெட்டி, அதற்கு இரண்டு வால் வைத்த ஒயர்.

"கை கழுவிட்டு வந்துடறேன் மச்சான்" என்று எழுந்து போனார். அவர் கை கழுவ எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியாதா? நானே ஒயரின் ஒரு வாலை கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் சொருகி, இருப்பதிலேயே அதிக வேகத்தைத் தட்டிவிட்டேன். பாதியில் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு சிடி காலி.

"முன்னாடி சொருகினா கரண்ட் பத்தாது மச்சான். ரெண்டு வாலும் பின்னாடி போகணும்" என்றார். அவ்வளவுதான். ஒரு முகச்சுளிப்புகூட இல்லை. இரண்டு வாலையும் பின்னால் சொருகி, இருப்பதிலேயே குறைந்த வேகத்தை வைத்தார். மேஜையை யாரும் தொடக்கூடாது என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சிடி வெளியே வந்தது. நான் வெடுக்கென்று பிடுங்கி, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி என் பெயரையும் தேதியையும் எழுதினேன்.

"ஐயையோ!" என்றாள் தங்கச்சி. மேல் பக்கத்துக்கு அடியில்தான் பதிந்ததெல்லாம் இருக்குமாம். பேனா கீறினால் தீர்ந்தது. இரண்டாவதும் காலி. மூன்று வேண்டும், மூன்றுதான் மிச்சம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

"அண்ணா, நீ ஹாலுக்குப் போயிடு, புண்ணியமாப் போகும்" என்று தங்கச்சி என்னைத் துரத்தினாள்.

மூன்றும் நல்லபடியாகப் பதிந்தன. கிளம்பலாம் என்றால், மனுஷன் அதில் ஒன்றை எடுத்துத் தங்கச்சியின் பழைய லேப்டாப்பில் போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார்.

"மோதுற இடத்த மட்டும் பாத்தா போதாதா மாப்ள?"

"இல்ல மச்சான், முழுசா பாத்துடறேன்."

ஒரு சிடிக்கு இருபது நிமிஷம். மூன்றுக்கு ஒரு மணி நேரம். நான் ஹாலில் கூண்டுப் புலியாக நடந்தேன். கடைசியில், மெல்லிய மார்க்கர் பேனாவால் ஓரமாக எழுதி, உறையில் போட்டுக் கொடுத்தார். மறுநாள் லீவு போட்டுக்கொண்டு என்னோடு விசாரணைக்கும் வந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் விவரமானவர். "முதல்லேர்ந்து போடுங்க சார். எங்கயாவது வெட்டியிருந்தா இத சாட்சியாவே எடுத்துக்கக் கூடாது" என்றார். அதிகாரியும் தலையாட்டினார். சிடி ஓட ஆரம்பித்தது. பன்னிரண்டாவது நிமிஷம், சிக்னலில் பஸ் நிற்கும்போது கண்டக்டரின் குரல் கேட்டது. "என்னண்ணே, இந்த வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போகலியா?"

கேமரா பேச்சையும் பிடிக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்து என் குரல், கணீரென்று வந்தது.

"போனா அந்த ஆமை மூஞ்சியத்தான் பாக்கணும். மூளையும் கிடையாது, முதுகெலும்பும் கிடையாது. அவனுக்குப் போய் என் தங்கச்சியக் கட்டிக் குடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்."

மாப்பிள்ளை என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது. அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பதினேழாவது நிமிஷம் பஸ் நிறுத்தத்தில் நின்றது. எதிரே ஒரு விளக்குக் கம்பம் அசையாமல் தெரிந்தது. மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது நொடி கழித்துப் பின்னாலிருந்து டமாரென்று சத்தம். கம்பம் ஒரு குலுங்கு குலுங்கி, அதே இடத்தில் நின்றது. வக்கீல் இரண்டு முறை திருப்பிப் போடச் சொன்னார். கடிகாரத்தில் ஒரு நொடிகூட விட்டுப்போகவில்லை. "வண்டி நின்னுட்டுதான் இருந்திருக்கு. நாளைக்கே டியூட்டிக்கு வாங்க" என்றார் அதிகாரி.

வெளியே வந்து படியிறங்கினோம். பிறகு கேட்டேன்.

"மாப்ள, அத நீங்க நேத்தே கேட்டுட்டீங்கள்ல?"

"கேட்டேன் மச்சான்."

"அந்த ஒரு நிமிஷத்த வெட்டி எறிஞ்சிருக்கலாமே!"

"வெட்டியிருந்தா உங்க வேலை போயிருக்குமே."

"மூணு சிடியிலயும் முழுசா கேட்டீங்களா?"

"ஆமா. மொத தடவதான் கஷ்டமா இருந்துச்சு. அடுத்த ரெண்டு தடவ, சத்தம் தெளிவா வருதான்னு மட்டும் பாத்தேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க, நடுத்தெருவில் நின்று அழுதேன்.